ஒரு நிமிட நிறுத்தம்

மின்கம்பத்துக்குக் குழி அளக்க வந்தவன் நான்.
கருவேலங்காட்டை வெட்டச் சொன்னபோது
உள்ளே ஒரு டிக்கெட் ஜன்னல் இருந்தது.
கை மட்டும் நுழையும் வளைவு.
கம்பிக்குப் பின்னால் ஓர் ஓணான்
என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு
உள்ளே போனது.

வரைபடத்தில் இது இல்லை.
திருச்சியில் ஒரு பழைய கோப்பில் இருந்தது:
திறந்தது 1931. மூடியது 1942.
காரணம்: வருமானமின்மை.
பச்சை மையில் ஒரே வரி.

மிச்சமெல்லாம் கடிதங்கள்.
நிலம் கொடுத்தவர்
வெ. சொ. ராம. சாத்தப்ப செட்டியார், மொகல் தெரு, ரங்கூன்.
மூன்று ஏக்கர். கிரயம் இல்லை.
வண்டி ஒரு நிமிடமாவது நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

பெயரில்தான் வழக்கு.
கிழக்கே அரசவயல், மேற்கே நரிக்கண்மாய்,
இரண்டுக்கும் இரண்டரை மைல்.
ஊருக்கு ஊர் கூட்டம் போட்டு
மகஜர் மேல் மகஜர்.
சலித்துப்போன துரை ஒருவர் இரண்டையும் அடித்துவிட்டு
'பொட்டல்' என்று எழுதினார்.
யாரும் குடியிராத ஊருக்கு
ஆறடியில் ஒரு பெயர்ப்பலகை.

ஸ்டேஷன் மாஸ்டர் தேவசகாயம் மாதம் தவறாமல் எழுதுகிறார்:
முதல் வகுப்பு இல்லை.
மூன்றாம் வகுப்பு பதினேழு, எல்லாம் எழும்பூருக்கு.
அங்கிருந்து கப்பல்.
மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன்,
மூன்று வருஷக் கணக்குக்குப் போகிறவர்கள்.
பிறகு, கீழே:
குடிதண்ணீர் இல்லை. கிணறு தோண்டினால் பாறை.
எஞ்ஜினிலிருந்து டிரைவர் தினம் இரண்டு வாளி தருகிறார்,
கொதிக்கக் கொதிக்க.
ஆற வைத்துக் குடிக்கிறோம்.

நாற்பத்திரண்டு ஜனவரி: விற்பனை பூஜ்யம்.
பிப்ரவரி, மார்ச், ஏப்ரல்: மேற்படி.
மே மாதம் பதினொரு பேர் இறங்கினார்கள், டிக்கெட் இல்லாமல்.
பர்மாவிலிருந்து காடும் மலையுமாக நடந்து
கல்கத்தாவில் ரயில் ஏறியவர்கள்.
ஒருவர் காலில் சாக்குத் துணி.
எழுதியிருப்பது அவ்வளவுதான்.
மாஸ்டர் விதிப்படி அபராதம் போட்டார்,
தலைக்கு இவ்வளவு என்று,
பதினொரு ரசீது.
ஓரத்தில் சின்ன எழுத்தில்:
'என் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளவும். தே.ச.'

பிடித்துக்கொண்டார்கள்.
இந்த நிலையத்தின் கடைசி வருமானம் அது.

என்னுடைய இருநூற்றுப் பதினாலாம் குழி
சரியாக ஜன்னலில் வந்து விழுகிறது.
சூப்பர்வைசருக்குப் போன் போட்டேன்.
"பாறை சார்" என்றேன்.
"ரெண்டு மீட்டர் தள்ளிப் போடு."
முழுப் பொய்யும் இல்லை,
கோப்பிலேயே இருக்கிறது பாறை.

ராமேஸ்வரம் வண்டி நிற்காமல் போனது.
குடத்தில் மிச்சமிருந்த தண்ணீரை
ஆட்களுக்கு ஊற்றினேன்.
வெயிலில் கிடந்து சுட்டுப்போயிருந்தது.
கொஞ்சம் பொறுங்கள், ஆறட்டும் என்றேன்.