எடைச்சீட்டு

லாரியில்தான் வந்தது சேலத்துக்கு,
நாற்பது சீட் டர்போபிராப்,
இறக்கை தனி, வால் தனி.
செவ்வாய்ப்பேட்டை எடைமேடையில்
அர்த்தநாரி அதன் பதிவேட்டைப் புரட்டினான்:

முதல் பறப்பு ஐம்பத்தொன்பது, மார்ச்.
மூன்று கம்பெனி, நான்கு நிறம்.
முப்பத்தோராயிரம் மணி நேரம்.
எழுபத்தொன்றில் இடது புரொப்பெல்லரில் பருந்து.
அப்புறம் தபால், மாம்பழம், கோழிக்குஞ்சு.

ஒரே ஒரு வரியில்தான் எங்கள் ஊர்:
"சேலத்துக்கு மேல் மேகம். ஏற்காடு தெரியவில்லை.
பதினாலாயிரம் அடி. காபி ஆறிவிட்டது."
யார் எழுதியதோ,
கையெழுத்தை எண்ணெய் தின்றிருந்தது.

இன்று மேகமில்லை.
பாக்சைட் வெட்டிய சிவப்பு வரை
மலை முழுசாகத் தெரிகிறது.

ஜன்னல் ஒன்றை மட்டும்
தன் புறாக்கூண்டுக்கு ஒதுக்கிவிட்டு
கிலோ நூற்றிப்பத்து என்று எழுதினான்.
உலை மூட்ட ஆள் வந்தாயிற்று.
நாளை மறுநாள் இட்லித்தட்டு.