சுவர் முந்தும்

பொகவந்தலாவை பஜாரில்
பேங்க்குக்கு எதிர்க்கடை, சூரியன் கொமினிகேஷன்.
முன்னால் போட்டோகொப்பி மெஷின், ரீலோட், பாஸ்போர்ட் சைஸ் படம்.
பின்னால் பூப்போட்ட ஒரு சீலை.
அதற்கும் பின்னால்
இரண்டு டிவி, நான்கு ரிமோட், ஒரு வாங்கு.
அரை மணிக்கு அறுபது ரூபா.

ஓ லெவல் ரிசல்ட்டைக் கொப்பி எடுக்கப் போன அன்று
சீலை விலகியிருந்தது.
வாங்கில் ஆறு பையன்கள், நெருக்கியடித்து.
திரை நடுவே பிளந்து
மேல்பாதி ஒருவனுக்கு, கீழ்பாதி ஒருவனுக்கு.
கார் வளைவில் திரும்ப
ஆறு பேரும் சேர்ந்து சாய்ந்தார்கள்,
நோர்வூட் வளைவில் ஹட்டன் பஸ் சாய்வது போல.
ஓட்டுவது இரண்டு பேர்தான்,
மற்ற நாலு பேருக்கும் என்ன அவசரம்?
ஒருவன் முழங்கையால் மற்றவன் விலாவில் இடித்தான்,
கார் கடலுக்குள் போனது.
தோற்றவனும் அப்படிச் சிரிக்கலாம் என்று
எனக்கு அதுவரை தெரியாது.

பக்கத்துக் காம்பிரா டிலோஜன் என்னைக் கண்டான்.
"போட்டோகொப்பி முன்னுக்கு" என்றான்.
சீலையை இழுத்துவிட்டான்.

பக்கத்தில் உட்கார்ந்து ஆடுவதுதான் ஆட்டம் என்பார்கள்,
உட்கார இடம் கிடைத்தவர்கள்.

எனக்குக் கிடைத்தது அண்ணனின் பழைய போன்,
மூலையில் கண்ணாடி வெடித்தது,
பன்னிரண்டு மணிக்குப் பிறகே செல்லும் டேட்டா.
ஆட்டம் பெயர் கேட்டது. மூடுபனி77 என்று போட்டேன்.
வேறெதுவும் கேட்கவில்லை.
மைக்கை மூடி வைத்தேன்.

மழை பிடித்தால் சிக்னல்
மலைக்கு அந்தப் பக்கம் போய்விடும்.
என் திரையில் நான் முன்னால்;
எதிராளியின் திரையில் எப்போதோ பள்ளத்தில் கிடப்பேன்.
வென்றது யாரென்று
இரண்டு போனும் இரண்டு விதமாய்ச் சொன்ன இரவுகள் உண்டு.
விலாவில் இடிக்க ஆளில்லை.
வளைவில் சாய்ந்தால் தனியே சாய வேண்டும்,
அதுவும் தூங்கும் தங்கச்சி மேல் விழாமல்.

ஒரு நாள் காதுக்குள் ஒரு குரல், "அந்தா, அந்தா!"
பிறந்ததிலிருந்து சுவருக்கு மேலால் கேட்டு வளர்ந்த குரல்.
டிலோஜன் அப்போது கொழும்பில், புறக்கோட்டைச் சேலைக்கடையில்.
எட்டு மாதம் அவனோடு ஓடினேன்.
"மச்சான் மூடுபனி" என்பான்.
கடை மாடியில் எட்டுப் பேர் படுக்கும் அறை,
மூட்டைப்பூச்சி,
கிழிந்த சேலைக்காகச் சம்பளத்தில் பிடித்த ஆயிரத்தைந்நூறு,
எல்லாம் சொல்வான்.
நான் "ம்" என்று டைப் பண்ணுவேன்.
காலையில் பீலியடியில் அவன் அம்மா சொல்வாள்,
"மகன் சுப்பவைசர் மாதிரி இருக்கான்."
அதற்கும் ம்.

தீபாவளிக்கு வந்தான்.

எங்கள் லயத்தில் சுவர் கூரை வரை போகாது.
பன்னிரண்டே காலுக்கு "வாடா மச்சான்" என்றான்.
முதலில் சுவரேறி வந்தது,
அரை நொடி கழித்துக் காதுக்குள்.
நடுவில் எந்தெந்த நாட்டைச் சுற்றி வந்ததோ.
அவன் இருமலும் இரண்டு தரம் கேட்டது.

மைக் திறந்துகொண்டது.
விரல் தவறியது என்றே வைத்துக்கொள்வோம்.

கடைசிச் சுற்றில் அம்மா புரண்டு படுத்தாள்.
"ஏய் வினோதினி, லைட்ட அமத்துடி!"

அவன் கார் வளைவின் நடுவே நின்றது.
சிக்னல் போகவில்லை, எல்லாக் கோடும் நிறைந்திருந்தது.
பின்னால் வந்த யாரோ ஹோர்ன் அடித்துக் கடந்தார்கள்.

நான் நிற்கவில்லை.
கோட்டைத் தாண்டிய பிறகுதான் வாய் திறந்தேன்.
"போட்டோகொப்பி முன்னுக்கு."

அவனுக்கு அது ஞாபகம் இருந்ததோ என்னவோ.
கட்டில் கிறீச்சிட்டது, சுவரால் ஒரு தரம், காதால் ஒரு தரம்.
பிறகு ஒரு சிரிப்பு.
அது வந்த பக்கம் போதுமென்று
இயர்போனைக் கழற்றினேன்.

"அமத்துன்னு சொன்னேன்" என்றாள் அம்மா.