பழசாக்குகிறவள்

கடையிலிருந்து புத்தம்புதிதாக வருகிறது
கொலைகாரனின் கோட்டு.
கழுத்தில் விலைச்சீட்டு.
அதை ஏழையாக்குவது என் வேலை.

சீஸ் துருவியால் முழங்கையைத் தேய்ப்பேன்.
தேயிலைச் சாயத்தில் ஓரிரவு ஊறப்போடுவேன்.
ஈரம் காயுமுன் பைகளில் கல்லைப் போட்டுக்
கொடியில் மாட்டிவிட்டால்
காலையில் பைகள் பசித்த வாய்போலத் தொங்கும்.
"இன்னும் கொஞ்சம்" என்பார் இயக்குநர் லுதோமிர்.
"பார்த்ததும் தெரியணும், இவன்தான் என்று."

இதே வூச் நகரத்தில், ஆறாவது மாடியில்,
என் தம்பி தொபியாஷ்
வேலையற்றோர் அலுவலகத்துக்குப் போகும் நாளில்
சட்டைக்கு இருமுறை இஸ்திரி போடுவான்,
காலரின் உட்புறம்கூட.
பொத்தான் போனால் அன்றே தைத்துவிடுவான்.
இதை லுதோமிரிடம் சொன்னேன்.
"காமிராவுக்கு அது புரியாது" என்றார்,
முழங்கை கிழிந்த ஸ்வெட்டரில் நின்றுகொண்டு.
(கிழிந்தே வாங்கியது. விலை எனக்குத் தெரியும்.)

வங்கி முதலாளியின் சூட்டை நான் தொடக்கூடாது.
அவனும் கொல்கிறான், இரண்டு பேரை.
ஆனால் ரத்தம் டையின் நுனியில் மட்டும், ஒரு சொட்டு.
பிறகு சன்னலருகே நின்று
மனித மனத்தைப் பற்றி நாலு நிமிடம் பேசுவான்.
கோட்டுக்காரனுக்கு வசனம் கிடையாது.
ஓடுவான்.

அவனுடைய அம்மாவாக வந்த த்யோஃபிலா
முப்பது வருடம் தணிக்கை அலுவலகத்தில் இருந்தவர்.
மூக்குக்கண்ணாடியைக் கழற்றச் சொன்னார்கள்.
கதவைப் பிடித்து அழச் சொன்னார்கள்.
"மகன் என்ன வேலை பார்த்தான்?" என்று கேட்டார்.
யாருக்கும் தெரியவில்லை.
தெரியாமலே அழுதார், ஐந்து டேக்.

துப்பறியும் அதிகாரிக்குப் பதினோரு சட்டைகள்,
பதினொன்றும் ஒரே நீலம்.
மனைவி விட்டுப்போனவன் என்று கதை;
ஆகவே கசங்கியிருக்க வேண்டும்.
கசக்கினேன், அளவாக,
யாரோ ஒருத்தி வந்து நீவிவிட நினைக்கும் அளவு.

செத்தவளுக்கு ஒரே உடை.
சிவப்பு. மெல்லிசு. நவம்பர் மாதம்.
குறிப்பேட்டில் இருந்தது:
"இடது தோளில் நாலு விரல் கிழிசல், அழகு கெடாமல்."
அழகு கெடாமல் எப்படிக் கிழிப்பது?
கத்தரியைப் பிடித்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஹல்ஷ்கா ஆறு மணிநேரம் வெறுந்தரையில் கிடந்தாள்.
காலுறை கேட்டாள்.
செத்தவர்களுக்குக் குளிராது என்று யாரோ சொல்ல
எல்லோரும் சிரித்தார்கள்,
அவளும்தான், கண்ணைத் திறக்காமல்.
பட்டியலில் அவள் பெயர் முதல் பெண்.
இரண்டாம் பெண் வியாழக்கிழமை வருவாள்.

அன்றிரவு அந்த உடையின் உள்மடிப்பில்
ஒரு பை தைத்தேன்.
ஒரு சீட்டும் எழுதி வைத்தேன்:
பல்ப், வெள்ளரி ஊறுகாய், அரைக் கிலோ மாவு.
செவ்வாய் நாலு மணி, பல் டாக்டர்.
இரெனாவுக்கு நாற்பது ஸ்வோட்டி தரணும்.
சாக நேரமில்லாத ஒருத்தியின் சீட்டு.

மறுநாள் குனிந்து அவளைப் புரட்டிய
அதிகாரியின் விரலில் அது தட்டுப்பட்டது.
எடுத்தார். படித்தார். திரும்பவும் படித்தார்.
வசனம் மறந்துபோயிற்று அவருக்கு.
"கட்! என்ன குப்பை அது?"
குப்பைதான் என்றேன். பையைப் பிரித்தெடுத்தேன்.
அடுத்த டேக்கில் சரியாகச் சொன்னார்:
"எத்தனை அழகு, பாவம்."

படப்பிடிப்பு முடிந்ததும் கோட்டை எனக்கே கொடுத்தார்கள்.
நல்ல கம்பளி. உள்ளே ஒரு குறையும் இல்லை.
போட்டுக்கொண்டு கோஷ்ச்யூஷ்கி சாலையில் டிராம் ஏறினேன்.
பெட்டியில் பதினாலு பேர்.
பரிசோதகர் நேரே என்னிடம் வந்தார்.
பையில் கை விட்டேன்.
டிக்கெட்டுக்கு முன்னால் வெளியே வந்தது
நான் எடுக்க மறந்த கல்.

கல்லைப் பார்த்தார். என் முழங்கையைப் பார்த்தார்.
ஓரடி பின்னால் வைத்தார்.

நல்ல வேலைதான் செய்திருக்கிறேன்.