அசைவுக்கு விட்ட இடம்

கோத்தகிரி. ஐப்பசி.
பத்து நாளாக வெயில் இல்லை.
ஈரமானியின் ஊசியைப் பலகையில் குத்துகிறேன்:
பத்தொன்பது.
பன்னிரண்டுக்கு இறங்காமல் பசை தொடக் கூடாதென்று
நானே எழுதி நானே கையெழுத்திட்ட தாள்
கொட்டகைச் சுவரில் நமுத்துத் தொங்குகிறது.

கல்லூரிக்கு நூலகம். மூன்று மாடி.
சுவரும் மரம், தளமும் மரம்.
மரமென்றால் தேக்கு அல்ல, ஈட்டி அல்ல;
சோலைக்குள் புகுந்து ஊற்றைக் குடித்துத் தீர்த்ததென்று
வனத்துறை வெட்டச் சொன்ன கற்பூர மரம்.
வெள்ளைக்காரன் விறகுக்கு நட்டது.
"திருடனைப் பிடித்துவந்து வாசலில் காவலுக்கு வைக்கிறீர்கள்"
என்றார் அனுமதிக் கூட்டத்தில் ஒருவர்.
சிரித்துக்கொண்டே முத்திரை குத்தினார்.

முறுக்கிக்கொள்ளும் மரம்.
அறுத்த பலகை மறுநாள்
பொரித்த அப்பளம்போல் நெளிந்து கிடக்கும்.
ஒன்றை நெடுக்கே, அடுத்ததைக் குறுக்கே,
மறுபடி நெடுக்கே,
ஐந்து அடுக்காய்ப் பசையிட்டு அழுத்தினால்
ஒன்றின் பிடிவாதத்தை மற்றது மறிக்கும்.
"கூட்டுக் குடித்தனம்" என்கிறாள் பசை தடவும் சிவபாக்கியம்,
தலைமன்னாரில் கப்பலேறியவரின் மகள்.
சொல்லிவிட்டு முகமூடியை ஏற்றிக்கொள்கிறாள்.

முதல்வர் அறையில் இரண்டு கேள்விகள்.
தீப்பிடிக்காதா?
பிடிக்கும். மேல்பரப்பு கரியும்,
அந்தக் கரியே உள்ளிருப்பதைப் போர்த்தும்,
அதற்குள் பிள்ளைகள் இறங்கிவிடலாம்.
பூமி அதிர்ந்தால்?
ஆடும்.
"ஆடுமா?"
கருங்கல்லுக்குள் இருபது வருடம் உட்கார்ந்தவர்,
நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டார்.

ஆட வேண்டும் சார். கணக்கே அதுதான்.
கனம் குறைந்த வீட்டை மண் குறைவாகத்தான் உலுக்கும்.
சுவரின் அடியில் ஓர் இரும்புத் துண்டு,
வளைவதற்கென்றே வைத்தது;
வளைந்தால் கழற்றி வேறு மாட்டலாம்.
உள்ளே உச்சியிலிருந்து அடிவரை இழுத்துக் கட்டிய கம்பி
சாய்ந்த சுவரைத் திரும்ப நிறுத்தும்.
சுவருக்கும் படிக்கட்டுக்கும் நடுவே
நாற்பது மில்லிமீட்டர்,
ஒன்றுமே இல்லை.
வரைபடத்தில் நான் அதிகம் அழித்து எழுதியது
அந்த ஒன்றுமில்லாததைத்தான்.

கிரேன் ஓட்டும் பெள்ளிராஜ்
இடுக்கில் விரலை விட்டுப் பார்த்தான்.
"அளவு தப்பிடுச்சு மேடம், அடைச்சிரவா?"
வேண்டாமென்றேன்.
யாரோ சிமெண்டால் அடைத்தார்கள்.
திருப்புளியால் தோண்டி எடுத்தேன்.
மறுபடி அடைத்தார்கள், மறுபடி தோண்டினேன்.
பிறகு குளிர்காற்று வருகிறதென்று
சாக்குத் துண்டைத் திணித்து வைத்தார்கள்.
அதைப் பார்க்காததுபோல் போய்விட்டேன்.
நானும் அங்கேதான் தேநீர் குடிக்கிறேன்.

செவ்வாய் இரவு இரண்டே முக்கால்.
எனக்குத் தந்த அறை பழைய கருங்கல் கட்டடத்தில்.
கட்டில் நகர்ந்த மாதிரி இருந்தது.
தலையணையில் சுண்ணாம்புப் பொடி.
நாய்கள் எல்லாம் ஒரே நேரத்தில்.
செருப்பில்லாமல் பனிமூட்டத்துக்குள் ஓடினேன்.

நூலகம் சொடக்கெடுத்துக்கொண்டிருந்தது,
மெல்ல, மாடிக்கு ஒன்றாக.
பிறகு அடங்கியது.
டார்ச் வெளிச்சத்தில்
சாக்குத் துண்டு தரையில் கிடந்தது.

பூனையாக இருக்கலாம்.
மேட்டுப்பாளையம் இறங்கும் லாரியாக இருக்கலாம்.
காலைச் செய்தியில் எதுவும் இல்லை.
இடுக்கில் அளவுகோலை விட்டேன்,
மூன்று இடத்தில்: நாற்பது, நாற்பது, நாற்பது.

தன் அறையில் ஒரு விரிசல், பூசித்தர ஆள் வேண்டுமென்று
முதல்வர் சீட்டு அனுப்பியிருந்தார்.
பெள்ளிராஜை அனுப்பினேன்.
பிறகு பலகையில் ஊசியைக் குத்தினேன்.
பதினெட்டரை.