போக வர எழுநூற்று எண்பது

சத்துவாச்சாரி பங்கிலேயே முதல் வரியை எழுதிவிட்டேன்:
டீசல், போக வர, தொண்ணூற்றேழரை லிட்டர்,
எட்டாயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபது.
அதில் நாலாயிரம் கடன்.
பங்க் பையன் நோட்டை எட்டிப் பார்த்து
"யக்கா, ரேஸு ஓடப்போறது இந்த வண்டியா?" என்றான்
ஐஷரைக் காட்டி.
அப்போது சிரித்தேன்.

ஐஷர் பூங்காவனத்துடையது. பதினாலடி.
பதிமூன்றரை அடி எஸ்டீமை ஏற்றினால்
பின்னால் ஒரு சாண்கூட மிஞ்சாது.
ஆனால் எஸ்டீமுக்குள் இடம் இருந்தது.
பின்சீட்டு இல்லை, மேட் இல்லை, கதவின் உள்தகடும் இல்லை,
இரும்புக் குழாயில் கூண்டு மட்டும்.
காலிக் கூடையைப் பார்த்தால் பூங்காவனத்துக்குக் கை சும்மா இருக்காது.
இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய், பதினொரு மூட்டை.
கடைசி மூட்டையை ஓட்டுகிறவன் இருக்கையில் உட்காரவைத்து
ஐந்து முனை பெல்ட்டையும் மாட்டிவிட்டான் ஜலகண்டன்.
ஃபயாஸ் அதற்குச் சிரிக்கவில்லை.
மேல்விஷாரம் தோல் ஷாப்பில்
இரண்டு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்தவன் அவன்.

பள்ளிகொண்டா டோல்.
ஆம்பூரில் பிரியாணி வேண்டாம் என்று நான்தான் சொன்னேன்,
நாலு பேரும் வாணியம்பாடி வரை என்னோடு பேசவில்லை.
கிருஷ்ணகிரியில் ஜலகண்டன் ஆரம்பித்தான்,
"கர்நாடகாவுல டீசல் கம்மி, தெரியும்ல?"
"அங்க போய்வர டீசல உங்க மாமனாரா போடுவாரு?"
இது பூங்காவனம், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.
தொப்பூர் இறக்கத்தில் எல்லோரும் உயிருக்கு ஜெபிப்பார்கள்.
நான் மைலேஜுக்கு ஜெபித்தேன்.

விடியற்காலை கோயம்புத்தூர் மார்க்கெட்.
"என்னங்க இது, முள்ளு குத்துதுங்க"
என்று விலையைக் குறைத்தார் ஒருவர்.
குத்தினால்தான் ருசி என்று பூங்காவனம்
அரைமணி நேரம் வாதாடினான்.
கிலோவுக்குப் பதிமூன்று நின்றது.
நானூற்று நாற்பது கிலோ.
ஐயாயிரத்து எழுநூற்று இருபது, வரவு.
இந்த வருஷத்தில் வரவுப் பக்கம் நான் எழுதிய முதல் தொகை.
நோட்டை மட்டும் படிக்கிற ஒருவருக்கு
நாங்கள் கத்தரிக்காய் வியாபாரிகள்,
போகிற வழியில் கொஞ்சம் பந்தயம் ஓட்டுகிறவர்கள்.

ட்ராக்கில் எங்களுக்குப் பக்கத்து ஷெட்
உள்ளூர் டீம்.
வீடு பத்து கிலோமீட்டராம்.
மத்தியானம் போய்ச் சாப்பிட்டுத் தூங்கி
தலைசீவி வந்தார்கள்.
எங்கள் காருக்குள் இன்னும் காம்பு வாசனை.
கூண்டின் இடுக்கில் மாட்டியிருந்த ஒற்றைக் காயை எடுத்து
ஃபயாஸ் என் கையில் கொடுத்தான், எதுவும் சொல்லாமல்.
அதை வைத்துக்கொண்டே சுவரோரம் நின்றேன்.

ஒன்பதாவதாகக் கிளம்பினான்.
முதல் சுற்றில் ஏழு.
இரண்டில் ஐந்து.
மூன்றாவது முடியும்போது நாலு, நான் பார்த்தேன், நாலு,
என் எதிரிலேயே
கிளட்ச் எரிந்த நாற்றம்.
எட்டுச் சுற்றில் மூன்று.
ஆறு கிலோமீட்டர் முந்நூறு மீட்டர்.
வகுத்துப் பார்க்கக் கூடாது என்றுதான் இருந்தேன்.
பந்தயத்தில் ஒரு கிலோமீட்டருக்கு
ரோட்டில் நூற்றிருபத்து நாலு.
ஜலகண்டன் போனெட்டைத் திறந்து நின்றான்.
"எப்சிபா, கிளட்ச் பிளேட்டு இன்னா வெலன்னு இப்ப கேக்காத."
கேட்கவில்லை. எனக்கே தெரியும்.

திரும்பும்போது பொள்ளாச்சித் தேங்காய்.
டிக்கி, பின்பக்கம், கால் வைக்கும் இடம், எல்லாம் தேங்காய்.
இருக்கையை மட்டும் விட்டுவைக்கச் சொன்னான் ஃபயாஸ்.
கேபினுக்கு வரவில்லை.
காருக்குள் ஏறி பெல்ட்டை மாட்டிக்கொண்டான்.

விஜயமங்கலம் டோலில் வரிசை நகர்ந்தபோது
பின்கண்ணாடி வழியே பார்த்தேன்.
லைட் வெளிச்சத்தில் அவன் இடது கை
கியரை மாற்றியது.
பூங்காவனம் மூன்றாவதுக்குப் போனான்.
அவனும் போனான்.

மிச்சம் இருக்கிற தூரத்தை
எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று
சங்ககிரி வரைக்கும் பேனாவைத் திறந்தே வைத்திருந்தேன்.
பிறகு டோல் ரசீதை ஒட்டினேன்.