பானைக்கு அளவெடுத்தல்

பழைய துரை பங்களாவைக் குத்தகைக்கு எடுத்து
தங்கும் விடுதியாக்கியிருக்கும் ரொஹாயா அக்கா
திங்கட்கிழமை வந்தாள்,
பீங்கான் தேநீர்ப் பானை ஒன்றைக்
கைக்குழந்தைபோல் அணைத்துக்கொண்டு.
இதற்குச் சட்டை வேண்டும். பன்னிரண்டு.
உள்ளே சூடு ஆறாமல் இருக்கணும்.

நான் சிரிக்கவில்லை. தையற்கடைக்காரி சிரிக்கக் கூடாது.
ஆனாலும் என் கடைக்கு எதிரே,
ஈப்போ பேருந்து நிற்கும் இடத்தில்,
ஹனீபாவின் ஒட்டுக்கடை.
அந்த மனுஷன் காலை ஐந்து மணியிலிருந்து
தேநீரை ஆற்றுவதற்கென்றே
தோளுயரம் தூக்கித் தூக்கி ஊற்றுகிறான்.
இந்த ஊரில் சூட்டை விரட்டத்தான் கூலி.
காப்பாற்றச் சொல்லி இதுவரை யாரும் கேட்டதில்லை.

நாடாவை எடுத்தேன்.
சுற்றளவு இருபத்திரண்டு அங்குலம். உயரம் ஏழு.
மூக்குக்கு ஒரு துவாரம், கைப்பிடிக்கு நீளமாய் ஒரு பிளவு.
'கை வெட்டு' என்று நோட்டில் எழுதிக்கொண்டேன்,
வேறு சொல் தெரியாமல்.
ரவிக்கைக்கு வருகிறவர்கள்
நாடா பட்டதும் மூச்சை இழுத்து வயிற்றை ஒளிப்பார்கள்.
பானை அப்படியே இருந்தது. இருக்கிறபடி இருந்தது.

மேலே பாத்தேக் துணி, அதுவும் நீலம்தான் என்றாள்.
உள்ளே என்ன வைப்பதென்று சொல்லவில்லை.
உள்பக்கம் எப்போதும் தைக்கிறவள் பாடு.
இலவம்பஞ்சு விலை கேட்டேன், வைத்துவிட்டு வந்தேன்.
கருணாகரன் பெண்சாதி
தரைத்துணிக்கென்று தந்த மூட்டை ஒன்று கிடந்தது:
செம்பனைக் குலை வெட்டும்போது அவர் கழுத்தில் கிடக்கும்
வெள்ளைத் துவாலைகள், சிவப்பு எழுத்து வெளுத்துப்போனவை.
வெந்நீரில் இரண்டு தரம் போட்டு அலசினேன்.
மடித்து வைத்துத் தைத்தேன்.
இனிமேல் துரை வீட்டு மேசையில்
சிங்கப்பூரிலிருந்து வந்த யாரோ ஒருவர்
இன்னொரு கோப்பைக்குக் கை நீட்டும்போதெல்லாம்
நூல் தடிமன் தூரத்தில் கருணாகரனின் பிடரி.
அவருக்குத் தெரியாது.
நானும் சொல்லப்போவதில்லை.
துவைத்துவிட்டேனே, போதாதா?

பதினொன்று வரை ஊசி நேராகப் போனது.
பன்னிரண்டாவதில் மின்சாரம் போனது, அப்புறம் வந்தது.
இருட்டில் வெட்டினேனோ என்னவோ,
இரண்டு துவாரமும் ஒரே அளவு,
ஒரே உயரம், நேருக்கு நேர்.

பிரிக்க உட்கார்ந்தபோது பள்ளி விட்டு வந்தாள் யாழரசி.
தைப்பூசத்துக்கு மொட்டை போட்ட தலை.
இரண்டு வாரமாகத் துண்டுக்குள் ஒளிகிற தலை.
வகுப்பில் ஒருத்தன் செம்பனைக் கொட்டை என்றானாம்.
பையை எறிந்தாள். அதை எடுத்தாள். மாட்டிக்கொண்டாள்.
காதுகள் இரண்டும்
அளவெடுத்துத் தைத்ததுபோல்
துவாரத்துக்கு ஒன்றாக வெளியே வந்தன.

கண்ணாடிமுன் வெகுநேரம் நின்றாள்.
"ரொம்பச் சூடா இருக்கும்மா."
கழற்றவில்லை.
சாலையைத் தாண்டி ஓடினாள்.
ஹனீபா ஊற்றுவதைப் பாதியில் நிறுத்தி
"என்னா பாப்பா, சாயம் இறங்கிருச்சா?" என்று கேட்டதும்
பேருந்துக்கு நின்றவர்கள் சிரித்ததும்
அவள் அவர்களைவிடச் சத்தமாகச் சிரித்ததும்
இங்கே தையல் மேசைவரை கேட்டது.

ரொஹாயா அக்கா சீட்டில்
பதினொன்று, தலைக்குப் பதினாறு வெள்ளி என்று எழுதினேன்.
'தலைக்கு' என்பதை அடித்துவிட்டு
'ஒன்றுக்கு' என்று மாற்றினேன்.
பாக்கி ஒன்றுக்கு
கருணாகரன் வீட்டில் இன்னொரு துவாலை கேட்கணும்.