சாக்கு நிறை

அக்கரைப்பற்று ஆஸ்பத்திரி, ஏழாம் வாட், இரவு இரண்டு மணி.
ஆதம்பாவாவின் விரல் நுனியைக் கவ்வியபடி
கருவி சொன்னது:
எண்பத்தொன்பது.

ஒரு கணம் என் கால் தரையில் இல்லை.
பிறகுதான் கையைத் தொட்டேன்.
ஐஸ் பெட்டியில் கிடந்த சூரை மாதிரி.
நேர் மேலே மின்விசிறி.

அதை நிறுத்திவிட்டு
விரல்களை என் உள்ளங்கைக்குள் பொத்தித் தேய்த்தேன்.
தொண்ணூற்றொன்று. தொண்ணூற்றைந்து.
தொண்ணூற்றேழில் வந்து நின்றது.

"மிச்சம் மூணும் எங்க மகள்?"

அரிசி ஆலைக் கணக்கப்பிள்ளை.
ஒரு கிலோ குறைந்தாலும் உறங்காத மனுசன்.

"குறைவில்ல வாப்பா.
சும்மா படுத்திருக்கக்குள்ள
தொண்ணூற்றஞ்சும் அதுக்கு மேலயும்
நல்ல கணக்குத்தான்."

யோசித்தார்.
"அப்ப, சாக்கு நிறை கழிக்கிற மாதிரி."
திருப்தியாய்த் திரும்பிப் படுத்தார்.

கருவியை என் விரலில் மாட்டினேன்.
ஐந்து நிமிடமாவது அசையாமல் இருந்து
பார்க்க வேண்டிய எண் இது.
ஏழு மணிக்கு வந்தவள்
இப்போதுதான் இருக்கிறேன்.

தொண்ணூற்றெட்டு.

ஒரு மாதமாக மூச்சு முட்டுகிறது எனக்கு.
இரத்தத்தில் இல்லையாம் அது.

விரலை எடுத்தேன்.
கொஞ்ச நேரம் கோடுகளைக் காட்டிவிட்டுத்
தானாகவே அணைந்தது.